ஏழு மணி விமானத்திற்கு எத்தனை மணிக்கு எழுவது?



விடியற்காலையில் எழுவதைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குப் பேச வருவது கொல்லத் தெருவில் ஊசி விற்க வருவதைப் போன்றதுதான். கோழி கூவுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்குப் போய் நின்ற பரம்பரை நம்முடையது. பால்மரம் வெட்டுகிறவர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் எழவேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். இரவு முழுவதும் மரம் தன் வேரால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அப்போது அழுத்தம் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் ஈரத்தை வெளியே விடத் தொடங்கினால் அந்த அழுத்தம் குறைந்துவிடும். பிறகு எவ்வளவு நன்றாகக் கத்தி பிடித்தாலும் மங்கில் விழும் பால் குறைவுதான். மரம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த நம் குடும்பங்களில் ஒன்று, அதிகாலை விமானம் ஒன்றைத் தவறவிட்டு ஒரு பிள்ளையின் வேலையைத் தள்ளிப்போட நேர்ந்தது. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே இன்றைய பேச்சை ஒரு குற்ற ஒப்புதலாகவும் நேயர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கோல கெட்டில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எங்கள் பள்ளியில் படித்த பையன் அவன். தந்தை பால்மரம் வெட்டியவர். அந்த மரங்கள் போய்ச் செம்பனை வந்தபின் அதிலும் வேலை செய்தவர். பையன் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்சாரத் தொழில் பயின்று சான்றிதழ் வாங்கினான். ஜொகூர் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வந்து சேரவேண்டும், அன்று பிற்பகலே பாதுகாப்பு வகுப்பு தொடங்கும் என்று கடிதம் வந்தது. பினாங்கிலிருந்து காலை 7 மணிக்குப் புறப்படும் விமானத்தில் சீட்டு எடுத்தார்கள். அந்தக் குடும்பத்தில் விமானம் ஏறப் போகும் முதல் ஆள் அவன்தான்.

முதல் நாள் மாலை தந்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “சார், ஏழு மணி பிளேனுக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தா போதுங்களா?” என்று கேட்டார். “ஒரு மணி நேரம் இருக்கிறதே, தாராளமாகப் போதும்” என்று நாம் சொன்னோம். பேருந்துக்குப் போகிற கணக்கை மனத்தில் வைத்துச் சொன்ன பதில் அது.

நான்கரை மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. லயத்தில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாட்டி திருநீறு பூசினார். அத்தை ஊறுகாய்ப் போத்தலைப் பையில் திணித்தார். மாரியம்மன் கோயில் முன்னால் காரை நிறுத்திச் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான்கு பேராக, ஆறு பேராகப் படம் பிடித்தார்கள். மணி நான்கு ஐம்பது ஆயிற்று. பினாங்குப் பாலத்து டோல் சாவடியில் அட்டையை நீட்டினால் அதில் பணம் போதவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. காரைப் பின்னுக்கு எடுத்து, ஓரம் கட்டி, அட்டையில் பணம் ஏற்றி, மறுபடி வரிசையில் நுழைய இன்னும் பத்து நிமிடம் போயிற்று. பாயான் லெப்பாஸ் விமான நிலைய வாசலில் இறங்கும்போது மணி ஆறு எட்டு.

பெட்டி கொடுக்கும் முகப்பில் இருந்த பெண் கடிகாரத்தைக் காட்டினார். “சூடா தூத்துப்” என்றார். மூடியாகிவிட்டது. விமானம் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. புறப்பட இன்னும் ஐம்பது நிமிடங்களுக்கு மேல் இருந்தது. தந்தை கெஞ்சினார், மகன் அழுதான். முகப்பு திறக்கவில்லை.

அன்று மாலை விமானத்திற்கு வேறு சீட்டு வாங்கினார்கள். அதற்காகத் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மறுநாள் போய்ச் சேர்ந்தபோது பாதுகாப்பு வகுப்பு முடிந்திருந்தது. அந்த வகுப்பில் உட்காராதவரை உள்ளே விடமாட்டார்கள். அடுத்த வகுப்பு மூன்று வாரம் கழித்துத்தான். ஆக, ஒரு சீட்டின் விலையும், மூன்று வாரச் சம்பளமும், ஒரு சங்கிலியும் எட்டு நிமிடத்தில் போயின.

இதைக் கேட்கும் யாருக்கும், “விமானம் நின்றுகொண்டுதானே இருந்தது, ஏற்றிக்கொண்டால் என்ன?” என்றுதான் தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு விசாரித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறோம்.

சீட்டில் அச்சிட்டிருக்கும் 7 மணி என்பது நாம் போய்ச் சேரவேண்டிய நேரம் அன்று. கதவு மூடி, படி விலகி, விமானம் தன் இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம் அது. அதற்கு முன்னால் இரண்டு கதவுகள் மூடுகின்றன. முதலாவது, பெட்டி கொடுக்கும் முகப்பு. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்னதாக மூடிவிடுவார்கள். இரண்டாவது, விமானத்திற்குள் செல்லும் வாயில். அது பெரும்பாலும் இருபது நிமிடம் முன்னதாக மூடும். நிறுவனத்திற்கு நிறுவனம் இந்த நேரம் சற்று மாறும். சீட்டிலேயே அது எழுதியிருக்கும். வெளிநாட்டுக்குப் போவதானால் குடிநுழைவுச் சோதனையும் உண்டு. ஆகையால் இன்னும் முன்னதாகப் போகவேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? முதலில் எடைக் கணக்கு. பால் வாளிகளைக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முன்வாளி நிறைந்து பின்வாளி பாதியாக இருந்தால் நடக்க முடியுமா? கம்பு சாயும், கால் தடுமாறும். கம்பைத் தோளில் முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்துதான் நடப்போம். விமானமும் அப்படியே. எத்தனை பேர் ஏறுகிறார்கள், பெட்டிகளின் மொத்த எடை என்ன, எவ்வளவு எரிபொருள், முன்னறையில் எவ்வளவு சுமை, பின்னறையில் எவ்வளவு சுமை என்று கணக்கிட்டுத் தாளில் எழுதி விமானியிடம் கொடுக்கவேண்டும். எவ்வளவு வேகத்தில் மேலே எழுவது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்தே விமானி முடிவு செய்கிறார். முகப்பை மூடினால்தான் அந்தக் கணக்கை முடிக்க முடியும்.

அடுத்தது பெட்டிகள். நாம் கொடுக்கும் பெட்டி நம்மோடு நடந்து வருவதில்லை. அது சோதனைக் கருவிக்குள் போய், வண்டியில் ஏறி, விமானத்தின் வயிற்றுக்குள் அடுக்கப்பட வேண்டும். பெட்டிக்கு உரியவர் ஏறவில்லை என்றால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிவிடுவார்கள். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பெரிய துயரம் ஒன்று இருக்கிறது. 1985 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள், கனடாவிலிருந்து லண்டன் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்தில் வெடித்து விழுந்தது. அதில் இருந்த 329 பேரும் மாண்டனர். பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் போன ஒருவனின் பெட்டியில் குண்டு இருந்தது. ஆள் வேறு, பெட்டி வேறு என்று போகக்கூடாது என்ற விதி அதன்பிறகு உலகமெங்கும் இறுக்கமாயிற்று. முகப்பில் இருந்த பெண் மனம் இல்லாதவர் அல்லர். அவர் காத்து நின்றது இந்த விதியை.

மூன்றாவது காரணம், அந்த விமானம் அன்றைக்குச் செய்யவேண்டிய மற்ற வேலைகள். ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய்த் திரும்புகிறது. காலையில் அரை மணி நேரம் தாமதித்தால் நண்பகலில் வேறோர் ஊரில் இருப்பவர் காத்துக் கிடப்பார். மாலையில் இன்னோர் ஊரில் இருப்பவர் தவிப்பார். பெரட்டில் பத்துப் பேர் தாமதமாக வந்தால் அன்றைய பால் லாரி முழுவதும் தாமதமாவதைப் பார்த்தவர்கள் நாம்.

அப்படியானால் அதிகாலை விமானமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதற்கும் அவசியம் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதில் நன்மை உண்டு. காலையிலேயே போய்ச் சேரலாம். முந்தைய பயணங்களின் தாமதம் வந்து சேர்வதற்கு வாய்ப்புக் குறைவு. நம் நாட்டில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடிவரும். கணக்குத் தெரிந்து போகிறவருக்கு அதிகாலை விமானம் நல்ல துணைதான்.

அந்தக் கணக்கை இப்போது பார்ப்போம். வகுப்பில் பிள்ளைகளுக்கு நேரக் கணக்குச் சொல்லித் தரும்போது, “ஒருவர் ஐந்து மணிக்குப் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தால் எப்போது சேர்வார்?” என்று முன்னோக்கித்தான் கேட்போம். விமானத்திற்குப் பின்னோக்கி எண்ணவேண்டும். வீட்டில் ஒரு தாளை எடுத்து, முடிவிலிருந்து தொடங்கி எழுதுங்கள்.

விமானம் நகரும் நேரம் 7 மணி. வாயில் மூடுவது 6.40. பெட்டி முகப்பு மூடுவது 6 மணி. கையில் பெட்டி இருப்பதால் நமக்கு இதுதான் உண்மையான நேரம். முகப்பின் முன் வரிசை இருக்கும். காலையில் பல விமானங்கள் ஒன்றாகக் கிளம்புவதால் வரிசை நீளமாகவும் இருக்கும். அதற்கு நாற்பது நிமிடம் வைத்தால் 5.20. காரை விட்டு இறங்கி, பெட்டி எடுத்து, எந்த முகப்பு என்று தேடப் பத்து நிமிடம், 5.10. கோல கெட்டிலிலிருந்து பாயான் லெப்பாஸ் போக ஒன்றரை மணி நேரம் வையுங்கள், 3.40. டயர் பஞ்சர், மழை, பாலத்தில் நெரிசல், டோல் அட்டை என்று எதிர்பாராததற்கு அரை மணி நேரம், 3.10. இதுதான் கார் லயத்தை விட்டு நகரவேண்டிய நேரம். குளித்து உடுத்த நாற்பது நிமிடம் என்றால் எழவேண்டியது இரண்டரை மணிக்கு. ஆறு மணி நேரமாவது தூங்கவேண்டுமானால் முதல் நாள் இரவு எட்டரைக்குப் படுக்கவேண்டும்.

நாம் அந்தத் தந்தையிடம் “ஆறு மணிக்குப் போனால் போதும்” என்று சொன்னோம். தாளில் எழுதிப் பார்த்திருந்தால், ஆறு என்பது முகப்பு மூடும் நேரம் என்பது கண்ணில் பட்டிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு கிளை உண்டு. பெட்டி இல்லாமல் கைப்பையோடு மட்டும் போகிறவர், வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் வருகையைப் பதிவு செய்து, ஏறும் அட்டையை அதிலேயே பெற்றுக்கொள்ளலாம். அவர் முகப்பில் நிற்கவேண்டியதில்லை. நேரே சோதனையைக் கடந்து வாயிலுக்குப் போகலாம். நம் பையனுக்கு இது பயன்பட்டிருக்காது. அவன் பெட்டியில் திருப்புளியும் குறடும் கத்தியும் இருந்தன. தொழில் கருவிகளைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். அவை பெட்டியில்தான் போகவேண்டும். ஆகவே கருவிகளோடு வேலைக்குப் போகிறவர் எப்போதும் முகப்பு மூடும் நேரத்தையே தன் நேரமாகக் கொள்ளவேண்டும்.

நம் பெரியவர்களுக்கு விடியற்காலைக் கணக்கில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. 1982 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதனால் கெடாவில் இன்று ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. பிப்ரவரி மாதத்தில் ஏழரையும் தாண்டிவிடுகிறது. “வெளுத்ததும் கிளம்பலாம்” என்று பாட்டி சொன்னால், வெளுக்கும்போது விமானம் மேலே இருக்கும். இரண்டரை மணிக்கு எழுவது என்பது பழைய நேரத்தில் இரண்டு மணிக்கு எழுவது. வானத்தையும் சேவலையும் நம்பாமல் இரண்டு கடிகாரங்களில் மணி வைத்துக்கொள்வதே நல்லது.

எந்த விமான நிலையம் என்பதையும் சரியாகப் பார்க்கவேண்டும். கெடா மக்களுக்கு வழக்கமாக இரண்டு நிலையங்கள் உண்டு. தெற்கே கூலிம், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய்ப் பக்கத்தவர்களுக்குப் பாயான் லெப்பாஸ் அருகில். வடக்கே இருப்பவர்களுக்கு அலோர் ஸ்டாரின் சுல்தான் அப்துல் ஹாலிம் விமான நிலையம். இந்த அலோர் ஸ்டார் நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் கெப்பாலா பத்தாஸ். ஆனால் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலும் ஒரு கெப்பாலா பத்தாஸ் இருக்கிறது. பெயரை மட்டும் கைப்பேசியில் தட்டிவிட்டு வழி கேட்டால் நாற்காலை இருட்டில் தவறான கெப்பாலா பத்தாஸில் போய் நிற்க நேரலாம். ‘விமான நிலையம்’ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். கோலாலம்பூர் பக்கம் போய் இறங்குகிறவர்களும், அங்கிருந்து திரும்ப ஏறுகிறவர்களும், சுபாங்கா, சிப்பாங்கா, சிப்பாங்கில் முதல் முனையமா இரண்டாம் முனையமா என்பதைச் சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அலோர் ஸ்டார் நிலையம் புதியது அன்று. 1933 ஆம் ஆண்டின் இறுதியில் இம்பீரியல் ஏர்வேஸ் தன் லண்டன் வழித்தடத்தைச் சிங்கப்பூர் வரை நீட்டியபோது, பேங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே விமானம் இறங்கிய இடம் அலோர் ஸ்டார்தான். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி விமானத் தளங்கள் முதல் நாட்களிலேயே குண்டு வீச்சுக்கு ஆளாயின. போர் முடிந்து 1947 இல் மலாயன் ஏர்வேஸ் சேவையைத் தொடங்கியபோது, அதன் சிறு விமானத்தில் ஐந்து பயணிகள்தான் உட்காரலாம். தோட்டத்துப் பிள்ளை ஏறுவதை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். பாலத்தின் மேல் தீவை நோக்கிப் போகும்போது இடப்புறம் ஒரு பச்சைத் தீவு தெரியுமே, அதுதான் ஜெரெஜாக். நோய்ச் சோதனைக்காக வந்தவர்களை அங்கே இறக்கிக் காக்க வைத்தார்கள். அவர்கள் காத்திருந்தது நாள் கணக்கில்; நாம் காத்திருக்கவேண்டியது ஒரு மணி நேரம்.

1985 இல் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போகப் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறவேண்டும். 2014 இல் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு இரண்டாவது பாலமும் வந்தது. அது தீவில் இறங்கும் இடம் விமான நிலையத்திற்கு அண்மையில் இருக்கிறது. முதல் பாலத்தில் விபத்து, நெரிசல் என்று வானொலியில் கேட்டால் அந்த வழியை நினைவில் கொள்ளலாம். பாலம் ஏறுமுன் இதை முடிவு செய்யவேண்டும். பாலத்தின் நடுவில் திரும்ப முடியாது.

அடுத்து, முதல் நாள் மாலையிலேயே முடிக்கவேண்டியவை. விடியற்காலையில் தேடுகிற பொருள் கிடைக்காது என்பது வீடுகளில் எல்லாரும் அறிந்த உண்மை.

முதலில் அடையாள அட்டை. உண்மையான அட்டை வேண்டும், நகல் உதவாது. சீட்டில் உள்ள பெயர் அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். நம்மவர் பெயரில் ஏ/எல், ஏ/பி என்று வரும். சீட்டுப் பதிவில் அந்தச் சாய்கோடு ஏறாமல் போகலாம். வீட்டில் கூப்பிடும் பெயரையோ, தந்தை பெயரை விட்டுவிட்டோ பதிவு செய்துவிடுகிறவர்கள் உண்டு. சீட்டு வாங்கிய அன்றே அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே நிறுவனத்தைக் கேட்டுத் திருத்தலாம். முகப்பில் நின்று திருத்துவது பெரும்பாடு.

சபா சரவாக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை அறியவேண்டும். அந்த இரு மாநிலங்களும் தமக்கென்று குடிநுழைவுக் கட்டுப்பாடு உடையவை. உறவினரைப் பார்க்க, சுற்றிப் பார்க்க அடையாள அட்டையோடு போகலாம். ஆனால் அங்கே வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்குப் போவதென்றால் கடப்பிதழும், வேலைக்கு உரிய அனுமதியும் கட்டாயம்.

பெட்டியும் பையும் இன்னொரு செய்தி. பால் கத்தி, பாராங், திருப்புளி போன்றவை பெட்டிக்குள். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் பெட்டிக்குள் போகக்கூடாது. அது கைப்பையில்தான் இருக்கவேண்டும். அதற்குள் இருக்கும் மின்கலம் சூடேறித் தீப்பிடித்தால், கைப்பையில் இருந்தால் உடனே அணைக்கலாம். பெட்டிக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டு விமானமானால் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லி லிட்டருக்குள் அடங்கிய புட்டியில் இருக்கவேண்டும். அத்தையின் ஊறுகாய்ப் போத்தலைப் பெட்டிக்குள், பையில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைப்பதே நல்லது. பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். அனுமதித்த எடைக்கு மேல் போனால் முகப்பில் நின்று துணியை வெளியே எடுக்கவேண்டி வரும். நேரமும் போகும், பணமும் போகும்.

டோல் அட்டையில் பணமும், காரில் எண்ணெயும், டயரில் காற்றும் முதல் நாளே பார்க்கவேண்டும். கைப்பேசி முழுதாக மின்சாரம் ஏறியிருக்கவேண்டும். சீட்டின் எண்ணையும், வேலை இடத்துத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் கைப்பேசி அணைந்தாலும் கவலை இல்லை.

வழியனுப்புதலைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை வேலைக்குப் போகிறான் என்றால் லயம் முழுவதும் எழுந்து வருவது நம் பண்பு. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கோயில் பூசையை முதல் நாள் மாலையில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? பாட்டியின் திருநீறும், அத்தையின் ஊறுகாயும், படம் பிடிப்பதும் இரவுச் சோற்றோடு முடிந்துவிடலாம். விடியற்காலையில் தாய் தந்தை இருவர் வாசலில் நின்று, “போயிட்டு வாய்யா” என்று சொன்னால் போதும்.

கார் ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு ஷிப்டு முடிந்து வந்த அண்ணனோ, தூங்காத மாமாவோ ஓட்டக்கூடாது. மூன்று மணி இருட்டில் நெடுஞ்சாலையில் கண் அசந்தால் அரை நொடி போதும். நேரம் போய்விட்டது என்று வேகத்தைக் கூட்டவும் கூடாது. விமானம் போனால் வேறு விமானம் உண்டு. அவ்வளவு சீக்கிரம் எழ வீட்டில் வசதி இல்லை என்றால், முதல் நாள் இரவே பிறையிலோ தீவிலோ உள்ள உறவினர் வீட்டில் தங்கலாம். அதுவும் இல்லை என்றால் சுங்கைப் பட்டாணியிலிருந்து இரவுப் பேருந்தோ, ரயிலோ இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாள் முக்கியமானது என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

எல்லாம் செய்தும் தவறிவிட்டால் என்ன செய்வது? முகப்பில் சண்டை போட்டுப் பயன் இல்லை. முதலில் அந்த நிறுவனத்தின் சேவை முகப்புக்குப் போய், அதே சீட்டை அடுத்த விமானத்திற்கு மாற்ற வழி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று கேட்கவேண்டும். அடுத்த நிமிடமே வேலை இடத்திற்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். நம் பையன் இதைச் செய்யவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். காலை ஏழு மணிக்கே சொல்லியிருந்தால் ஏதாவது ஏற்பாடு செய்திருப்போம் என்று அவர்கள் பின்னால் சொன்னார்களாம். தாமதத்தை முன்கூட்டிச் சொல்வதும் வேலைப் பண்பில் சேர்ந்ததுதான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பையன் மறுபடி புறப்பட்டான். இந்தத் தடவை தந்தை நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. நாமே அவர் வீட்டுக்குப் போய், ஒரு தாளில் பின்னோக்கிக் கணக்கு எழுதிக் கொடுத்தோம். அவர் அதை வாங்கிப் பார்த்தார். “பெரட்டு அஞ்சரைக்குன்னா மூணரைக்கே அடுப்பு எரியணும்னு எங்கம்மா சொல்லும். அதே கணக்குத்தானே சார் இது?” என்றார். அதே கணக்குத்தான். அவர் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பயிற்சிக் கல்லூரியில் படித்த நமக்கு நினைவில் வரவில்லை. மகன் நான்கு மணிக்கே விமான நிலையம் போய்ச் சேர்ந்து, நாற்காலியில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டானாம். இப்போது அங்கேதான் வேலை செய்கிறான். தாயின் சங்கிலியை மீட்க நான்கு மாதச் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாக அனுப்பினான்.

எங்கள் வகுப்பில் இப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். ஏழு மணி விமானத்திற்கு எத்தனை மணிக்கு எழுவது? ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து கணக்குப் போடவேண்டும். நேயர்களே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு இன்றிரவு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளை அவர்கள் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் உதவும்.